இரண்டு புகை

நிக்கேஸ் உட்கார்ந்து சாப்பிட்டு நான்கு மாதமாகிவிட்டது. பட்டாணிக் கஞ்சியைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவான். கரையோரமாகக் கிழக்கே ஏழு நிலம் தள்ளித் தம்பி வீடு. அதன் கூரைமேல் புகை தெரிந்தால் ஒரு வாய் விழுங்குவான். காற்று புகையைக் கலைத்துவிட்டால், மறுபடி கண்ணில் படும்வரை கரண்டி அந்தரத்திலேயே நிற்கும்.

புகை இருந்தால்தான் நிலம். அந்தக் கரையில் அதுதான் சட்டம். ஆற்றோரம் மூன்று அர்ப்பான், ஏறக்குறைய அறுநூறு அடி, அகலம், காட்டுக்குள் நாற்பது அர்ப்பான் நீளம் என்று பிரபு பட்டை பட்டையாக அளந்து கொடுப்பார். வாங்கியவன் அங்கேயே குடியிருந்து அடுப்பெரிக்க வேண்டும். அடுப்பு அணைந்த நிலம் பிரபுவுக்கே திரும்பிப் போய்விடும்.

தம்பி ஜெர்வே கல்யாணமாகாதவன். அக்டோபர் கடைசியில் விலாங்குப் பொறி பார்க்கப் போனவனின் ஓடம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கீழ்முனையில் உடல் ஒதுங்கிற்று. நிக்கேஸ் அழுதான், புதைத்தான், பூசைக்குச் சொன்னான். நவம்பரில் மார்த்தீன் திருநாளன்று நிலவரிக்கான சேவல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு பிரபுவின் மாளிகைக்குப் போனபோது, காரியஸ்தர் தெலோர்ம் சேவல்களை ஒன்றொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உன் தம்பி நிலத்தை என்ன பண்றதா உத்தேசம்?"

"எனக்குத்தானே ஐயா வரும்? வேற யாரு இருக்கா அவனுக்கு?"

"வரும்யா. குடியிருக்கணுமே! ரெண்டு வீட்டுல ஒரே ஆளு எப்படிக் குடியிருப்பே? கப்பல்ல புதுசா வந்தவங்க நிலம் நிலம்னு என் வாசல்ல நிக்கறாங்க. பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி ஒரு சுத்து வருவேன். அடுப்புல சாம்பல் ஆறிக் கிடந்துச்சோ, எழுதிக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதே."

வீடு திரும்பும் வழியெல்லாம் நிக்கேஸ் கணக்குப் போட்டான். அவன் அப்பா கடலுக்கு அப்பால் பெர்ஷ் சீமையில் அடுத்தவன் நிலத்தை உழுதே செத்தவர். புதைத்த ஆறடிகூடக் கோயிலுக்குச் சொந்தம். நிக்கேஸ் இந்தக் கரைக்கு வந்து எட்டு வருஷத்தில் பதினோரு அர்ப்பான், ஏறத்தாழ ஒன்பது ஏக்கர், காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, உழவு நிலமாக்கியிருந்தான். கைக்கு வந்த நிலத்தை விட்டுவிட அவன் ரத்தத்தில் இடமில்லை.

மனைவி மத்துரின் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குடியேறியவர்களுக்கு மணமுடிக்க அரசர் செலவில் பெண்களை ஏற்றி அனுப்பிய கப்பல்களில் ஒன்றில் வந்தவள். பாரிசில் அனாதை மடத்தில் வளர்ந்தவள். வந்த பதினாறாம் நாள் நிக்கேஸை மணந்தாள்.

"நீ குழந்தை ஒதீலைத் தூக்கிக்கிட்டு ஜெர்வே வீட்டுக்குப் போயிடு" என்றான் நிக்கேஸ். "பசுவையும் ஓட்டிக்கிட்டுப் போ. பாஸ்கா வரைக்கும்தான்."

மாவிலிருந்து கையை எடுக்காமல் அவள் அவனைப் பார்த்தாள். "கட்டின பொண்டாட்டிய நீயே வெளியே அனுப்பறியா?"

"வெளியேயா? நம்ம நிலத்துலேர்ந்து நம்ம நிலத்துக்குத்தானே போறே."

"அந்தக் குடிசையில ஜன்னலுக்கு எண்ணெய்த்தாள்கூட இல்லையே, மனுஷா."

"நான் ஒட்டித் தரேன்."

"சரிதான். உனக்கு யாரு சமைப்பா?"

"எனக்குத் தெரியாத சமையலா?" என்றான் நிக்கேஸ். மத்துரின் வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாளே மூட்டை கட்டினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நிக்கேஸ் நடந்தான். காலையில் தன் அடுப்பை மூட்டிவிட்டுப் பனிச்செருப்பைக் கட்டிக்கொண்டு உறைந்த ஆற்றின் ஓரமாகக் கிழக்கே போவான். அங்கே விறகு பிளந்து, தண்ணீருக்குப் பனிக்கட்டியில் துளை போட்டு, பால் வாங்கிக்கொண்டு, தன் அடுப்பு அணைந்திருக்குமோ என்ற பதைப்பில் திரும்பி ஓடி வருவான். வந்த பிறகு, அங்கே மத்துரின் ஈர விறகை வைத்திருப்பாளோ என்ற நினைப்பு. மத்தியானம் மறுபடி நடை. போர்வைக்குள் படுத்தாலும் கால் நடந்துகொண்டே இருக்கும்.

வழியிலிருந்த ஏழு வீட்டுக்காரர்களுக்கும் நல்ல பொழுதுபோக்கு. கடைசி நிலம், ஜெர்வேயின் நிலத்தை ஒட்டியது, இலேருடையது. ஐந்து பிள்ளைக்காரர். கோடாரியை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"என்னய்யா நிக்கேஸ், மாமியார் வீட்டுக்கா?"

"போய்யா."

"ரெண்டு அடுப்பு வச்சிருக்கே, ஒண்ணுலயும் சோறு இல்ல போலிருக்கே! மூஞ்சி காக்கா கொத்தின ஆப்பிள் மாதிரி ஆயிடுச்சு. உள்ள வா, விலாங்குக் குழம்பு இருக்கு."

"நேரமில்ல இலேர் அண்ணே."

"நிலம் எங்கயும் ஓடிடாதுய்யா. நீதான் ஓடிக்கிட்டிருக்கே."

முதல் மாதம் மத்துரின் குறை சொன்னாள்: குளிர், எலி, கதவிடுக்கில் பனி. நிக்கேஸ் அதைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரி செய்தான். இரண்டாம் மாதம் அவள் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். அவனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் போனபோது, ஜெர்வேயின் கட்டிலை அவள் சுவரிலிருந்து பிரித்து அடுப்புப் பக்கம் நகர்த்தியிருந்தாள். இன்னொரு நாள், ஒதீலுக்கு மரத்துண்டில் ஒரு நாற்காலி செய்திருந்தாள். மற்றொரு நாள் அவன் விறகு பிளக்கக் கோடாரியைத் தேடினால், ஒரு வாரத்துக்கான விறகு அடுக்கியிருந்தது.

"யாரு வெட்டினது?"

"வேற யாரு? நான்தான்."

"நான்தான் தினம் வரேனே?"

"வா, யாரு வேணாம்னா? உக்காரு, ரொட்டி இருக்கு."

அவன் உட்காரவில்லை. அங்கே தன் அடுப்பு என்ன கதியோ! ஆனால் போகிற வழியில் ஏதோ ஒன்று நெஞ்சில் முள்ளாக நெருடிற்று. அவள் 'நம்ம வீட்டுக்கு எப்ப வரலாம்?' என்று கேட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணிப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. வானம் தெளிந்திருந்தது, காற்றில்லை. நிக்கேஸ் அடுப்பை மூட்டுமுன்னே ராத்திரிக் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தான். ஏழு நிலத்துக்கும் ஏழு புகை நேராக நின்றது. அதற்கப்பால் எட்டாவது இல்லை.

கிண்ணம் எங்கே விழுந்ததென்று அவனுக்குத் தெரியாது. பனிச்செருப்பு இல்லாமலே ஓடினான். முழங்கால்வரை புதைந்து, எழுந்து, ஆற்றுப் பனியில் வழுக்கி ஓடினான். ஜெர்வேயின் வீங்கிய முகம் கண்முன் வந்தது. முதல்முறையாக, நிலம் அவன் நினைப்பிலேயே இல்லை. குழந்தை, மத்துரின், மத்துரின் என்று மட்டும் உள்ளே அடித்துக்கொண்டது.

மத்துரின் கூரைமேல் இருந்தாள். ஏணியைச் சாய்த்து ஏறி, நீளக் கழியில் ஊசியிலைக் கொத்தைக் கட்டிப் புகைபோக்கிக்குள் விட்டுக் கரியை இடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. கீழே ஒதீல் போர்வைக்குள் உட்கார்ந்து பசுவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பை ஏண்டி அணைச்சே?" என்று கத்தினான். குரல் அழுகையாக வந்தது.

"எரியற அடுப்பு மேல நின்னு கரி தட்ட நான் என்ன புனிதையா?" என்றாள் அவள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கழியைக் கீழே வைத்தாள். "நிக்கேஸ். எங்களுக்கு ஒண்ணுமில்ல. மூச்சு விடு."

அவன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். அப்படியே இருந்தவனைச் சறுக்குவண்டியின் மணிச்சத்தம்தான் எழுப்பிற்று. காரியஸ்தர் தெலோர்ம் வந்து இறங்கினார்.

"உன் வீட்டுக்குத்தான் போனேன்" என்றார். "கதவு ஆன்னு திறந்து கிடக்கு. அடுப்புல ராத்திரிச் சாம்பல். சரி, இங்க இருக்கேன்னு வந்தா இங்கயும் அடுப்பு அணைஞ்சிருக்கு. ரெண்டையும் எழுதிக்கட்டுமா நிக்கேஸ்?"

நிக்கேஸ் எழுந்தான். மத்துரின் ஏணியில் இறங்கி வந்து, கரிக்கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, உள்ள வந்து பாருங்க. நவம்பர்லேர்ந்து இங்க குடியிருக்கறது நான். பின்னால வந்து பாருங்க, பதினெட்டு மரம் விழுந்திருக்கு. அதுல ஏழு நான் வெட்டினது. இதுல அணைஞ்ச அடுப்பு எங்க இருக்கு?"

அவர் போய்ப் பார்த்தார். கட்டில், நாற்காலி, கூரையில் தொங்கிய வெங்காயச் சரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"குடியிருக்கறது உண்மைதான். ஆனா ஒருத்தன் ரெண்டு இடத்துல குடியிருக்கான்னு நான் எழுத முடியாதும்மா."

"அவரு பேருல எழுத வேணாம். என் பேருல எழுதுங்க."

நிக்கேஸ் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எழுதலாம்" என்றார் தெலோர்ம் மெதுவாக. "ஆனா கட்டினவ பேருல எழுத, புருஷன் சம்மதம்னு குறி போடணும். என்ன நிக்கேஸ்?"

சம்மதித்தால் நிலம் வெளியே போகாது. அது அவனுக்கு விளங்கிற்று. சம்மதித்தால் இவள் திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை, அதுவும் விளங்கிற்று. பிரபுவின் கைக்கு விட்டுவிட்டால் இன்றைக்கே இவளைக் கூட்டிப்போகலாம். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மத்துரின் இப்போது அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை.

"எங்க போடணும்?" என்றான் நிக்கேஸ். பேனாவை வாங்கிச் சிலுவைக் குறி கீறினான்.

பாஸ்கா வந்தது, போயிற்று. ஆறு உடைந்து பனிப்பாளங்கள் முழக்கத்தோடு கடலை நோக்கிப் போயின. நிக்கேஸ் தன் நிலத்தில் கோதுமை விதைத்தான். மத்துரின் அடிமரங்களுக்கு நடுவே பட்டாணி விதைத்தாள். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நடக்கும்போது அவன் கேட்டேவிட்டான்.

"எப்ப வரப்போறே?"

"நான் வந்தா நிலம் போயிடுமே."

"நிலத்தை விடு. நீ வர இஷ்டமிருக்கா, இல்லையா?"

நிலத்தை விடு என்று அவன் வாயால் கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நின்றாள்.

"கோவிச்சுக்காதே. மடத்துல நாப்பது பேரு ஒரு கூடத்துல படுப்போம். கப்பல்ல அதைவிட மோசம். அப்புறம் உன் வீடு. நல்ல வீடுதான், ஆனா நான் வர்றதுக்கு முன்னாலயே எல்லாம் எங்க இருக்கணுமோ அங்க இருந்துச்சு. இங்கதான் ஒரு கட்டிலை எனக்குத் தோணின இடத்துல போட்டேன். உன் மேல வெறுப்பு இல்ல, நிக்கேஸ். அந்த இடத்தை விட்டு வர மனசில்ல. அவ்வளவுதான்."

கோடை முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. அறுவடை நன்றாக வந்தது. அதைப் பார்த்தும் மனசு நிறையவில்லை. அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் போய் நிற்பான். கிழக்கே பார்ப்பான். மறுபடி குனிவான். கூரையை மாற்றலாமா, வேலியைத் தள்ளிப் போடலாமா என்று எதையாவது தொடங்கிப் பாதியில் விட்டான். செப்டம்பரில் ஒருநாள் நேராக இலேர் வீட்டுக்குப் போய், கூப்பிடாமலே உட்கார்ந்தான்.

"இலேர் அண்ணே, நிலத்தை மாத்திக்கலாமா? என் பட்டை உனக்கு, உன் பட்டை எனக்கு."

இலேர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"என் நிலத்துல பாதி சதுப்புய்யா. நாலு அர்ப்பான்தான் உழவு. உன்னோடது பதினோரு அர்ப்பான்! எனக்கு அஞ்சு பிள்ளைங்க இருக்கு, நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு வந்து அழக்கூடாது."

"அழுவேன். ஆனா திருப்பிக் கேக்க மாட்டேன்."

நோட்டரி வந்து எழுதினார். இருவரும் குறி போட்டார்கள். கரை முழுக்கச் சிரித்தது. பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள்.

செய்தி கேட்டு மத்துரின் சிரிக்கவில்லை. இலேரின் நிலத்தில் நின்றவனைத் தேடி வேலியைத் தாண்டி வந்தாள், முகம் சிவந்திருந்தது.

"மூளை இருக்கா உனக்கு? எட்டு வருஷம் வேர் பிடுங்கின நிலம்! ஒதீலுக்கு நாளைக்கு என்ன இருக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல. தப்புதான்."

"எதுக்குய்யா பண்ணினே?"

நிக்கேஸ் யோசித்தான். அலங்காரமாக எதுவும் தோன்றவில்லை. "நடந்து நடந்து கால் ஓஞ்சு போச்சு, மத்துரின்" என்றான்.

அவள் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சதுப்பைப் பார்த்தாள். திட்டு முடியவில்லை. அன்றும் திட்டினாள், அடுத்த வாரமும் திட்டினாள். தெலோர்ம் வந்து பார்த்து, இரண்டு நிலமும் ஒட்டிக் கிடப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஓர் அடுப்பு எரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அவளே வந்தாள்.

"இலேர் வீட்டுல தங்கறதா இருக்கியா? கூரை ஒழுகுது."

"சரி பண்ணிக்கறேன்."

"வேணாம். பெட்டியை எடுத்துக்கிட்டு வா. ஆனா எதை எங்க வைக்கணும்னு நான் சொல்லுவேன்."

நிக்கேஸ் தோளில் பெட்டியோடு வந்து நின்றான். அதை வடக்குச் சுவரோரம் வைக்கச் சொன்னாள். பிறகு அங்கே வேண்டாம், பரண் ஏணிக்குக் கீழே என்றாள். நகர்த்தினான். அவள் கஞ்சியை ஊற்றி மேசைமேல் வைத்தாள். நிக்கேஸ் உட்கார்ந்து, பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகுதான், மேற்கே தன் பழைய கூரைமேல் இலேரின் புகை எழுவதை திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தான். வலித்தது. இன்னொரு கரண்டி கேட்டான்.