பதினோரு மணி வீடியோ கால்

கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடியும் போனின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் தையலக்கா. போன் ஒருமுறை அதிர்ந்துவிட்டுப் பூட்டியபடியே இருந்தது. நாற்பது வருடம் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல். "ரேகையே இல்லையேம்மா" என்று போன் கடைக்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"குடுங்கக்கா, நான் பாக்கறேன்" என்று கை நீட்டினாள் அடுத்த வீட்டு டீச்சர்.

"வேணாம். எனக்குத் தெரியும்."

தெரியும்தான். விரலை ஏற்காவிட்டால் கோடு போட வேண்டும். ஒன்பது புள்ளிகளின் மேல் 'ப' எழுத வேண்டும். அது அண்ணி வைத்த பூட்டு. இரண்டாவது முறை 'ப' ஒழுங்காக விழுந்தது. சார்ஜ் பதினெட்டு என்று காட்டியது. மணி பத்தரை. பதினோரு மணிக்குக் குட்டி கூப்பிடுவான். பதினொன்றரைக்கு வண்டி வந்துவிடும்.

கூடத்தின் நடுவில் அண்ணி படுத்திருந்தாள். நேற்றுக் காலை காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி, நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டாள். காபியில் ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

குட்டி அண்ணியின் ஒரே மகன். நாற்பத்துமூன்று வயதாகியும் அத்தைக்கு அவன் குட்டிதான். கடல் தாண்டி வேலை. போன வாரம் படியில் வழுக்கி விழுந்து காலில் கம்பி வைத்திருந்தார்கள். ஆறு வாரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. நேற்று விஷயத்தைச் சொன்னபோது எப்போது, எப்படி என்று மட்டும் கேட்டான். பிறகு, "எனக்காக வச்சிருக்க வேணாம் அத்தை. எடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு தடவ அம்மா முகத்தக் காட்டிருங்க. நீங்களே பிடிங்க, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க" என்றான்.

அந்தப் போனை வாங்கி அனுப்பியவனும் அவன்தான். இரண்டு வருடமாகிறது. தையலக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவள். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும்தான். ஒருத்திக்குக் கண் மங்கல், இன்னொருத்திக்கு விரல் மரத்துப்போனது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு போனுக்கு ஓர் ஆள். பச்சை வட்டத்தை அமுக்கக் கூடாது, மேலே தள்ள வேண்டும் என்று பிடிபடவே மூன்று மாதம் ஆயிற்று. அண்ணி ஒருநாள் மின்விசிறியைப் பதினேழு படம் எடுத்து, எப்படியென்று தெரியாமலே மகனுக்கு அனுப்பிவிட்டாள். "விசிறி நல்லா இருக்கும்மா" என்று அவன் பதில் போட்டான். இன்னொரு நாள் குழாய் ரிப்பேர்காரருக்குச் சிவப்பாக ஓர் இதயம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் மனிதர் கூப்பிடாமலே வந்து நின்றார்.

தையலக்கா போனைச் சார்ஜில் போட்டாள். சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். அண்ணியின் நெற்றி முடி விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது. விசிறியைக் குறைத்தாள். போய்ப் போனை எடுத்துப் பார்த்தாள். பத்தொன்பது. இப்போதெல்லாம் மெதுவாகத்தான் ஏறும், இறங்குவது மட்டும் வேகம். வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு எடத்துல உக்காருங்கக்கா" என்றாள் டீச்சர்.

"உக்காந்தா யாரு பாக்கறது?" என்றாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓரிடத்தில் நின்றால் முந்தாநாள் சாயங்காலம் வந்து எதிரே நின்றது. அண்ணி போனை முகத்தருகே வைத்துக்கொண்டு எதையோ தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். மகனோடு பேசிக்கொண்டிருந்த கால் கட்டாகிவிட்டது. "குடுங்க இப்படி" என்று பிடுங்கினாள் தையலக்கா. "ரெண்டு வருஷமா மாரடிக்கிறேன். இது உங்களுக்கு ஏறவே ஏறாது அண்ணி." அண்ணி வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டின்போதும் சாதாரணமாகத்தான் பேசினாள். அதுதான் இப்போது தாங்கவில்லை. நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

சரியாகப் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. கூடத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். தையலக்கா வயரைப் பிடுங்கி, பச்சையை மேலே தள்ளினாள். முதல்முறை நழுவியது. இரண்டாவது முறை குட்டியின் முகம் வந்தது. சவரம் செய்யாத முகம். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர்.

"குட்டி, தெரியுதாப்பா?"

அவன் ஏதோ சொன்னான். யாரோ பெருங்குரலெடுத்து அழுதார்கள், காதில் விழவில்லை.

படம் எடுக்கும்போது எப்படிப் பிடிப்பாளோ அப்படியே இரண்டு கையாலும் போனை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, முதுகுப் பக்கம் அண்ணியைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி ஈரமாகிவிட்டதால் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மூலையில் சின்னப் பெட்டிக்குள் தன் முகம் மாதிரி ஏதோ இருந்தது. அது எப்போதும் வருவதுதான் என்று விட்டுவிட்டாள்.

"இதோ பாரு, அம்மா. தூங்கற மாதிரிதான் இருக்காங்க. நல்லாப் பாத்துக்கப்பா."

தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நடந்து கால்மாட்டுக்குப் போனாள். கை கடுத்தது. இறக்கவில்லை. அழக் கூடாது, அழுதால் போன் ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குட்டி ஓரிடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. "நேரமாச்சும்மா" என்றார் டிரைவர். திரை தானே கறுத்து அணைந்தது. சார்ஜ் தீர்ந்திருந்தது.

"ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கட்டுமாக்கா?" என்று டீச்சர் தன் போனை எடுத்தாள்.

"வேணாம். அண்ணிக்குப் பிடிக்காது. பாக்க வேண்டியவன் பாத்துட்டான்" என்றாள் தையலக்கா. அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது. இந்த ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டோம் என்று பட்டது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மணி மூன்று. டீச்சர் ரொட்டியும் டீயும் வைத்துவிட்டுப் போனாள். நாலு மணிக்குக் குட்டி மறுபடி கூப்பிட்டான். போனில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் ஏறியிருந்தது.

"முடிஞ்சுதா அத்தை?"

"முடிஞ்சுதுப்பா. ஒரு குறையும் இல்ல." பிறகு கேட்டாள். "அம்மா முகம் தெளிவாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

"அந்தப் பொடவைதான் கட்டணும்னு நானே தேடி எடுத்தேன். நீ மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. கவனிச்சியா?"

அவன் திரையிலிருந்து கண்ணை விலக்கினான்.

"என்னப்பா?"

"நீலம்தானே அத்தை?"

"நீலமா? அரக்குடா."

போனுக்குள் அவன் முகம் கீழே குனிந்தது. அப்புறம்தான் சொன்னான். "அத்தை, கேமரா உங்க பக்கம் இருந்துச்சு. கடைசி வரைக்கும் நீங்கதான் தெரிஞ்சீங்க."

தையலக்கா போனோடு நடந்தாள். முன்னறை வரை போனாள். மெஷின் மேல் கையை ஊன்றி நின்றாள். மறுபடி கூடத்துக்கு வந்தாள். துடைத்துவிட்ட தரை இன்னும் காயவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன். சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. அப்புறம்... நீங்க நின்ன நிலையப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே. டீச்சர் பக்கத்துலயே நின்னா. போட்டோ எடுக்கறேன்னு சொன்னவளையும் நான் வேணாம்னுட்டேன்." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு... உங்கம்மாவப் பாத்து, இது உங்களுக்கு ஏறாதுன்னு முந்தாநாள்தான் சொன்னேன் குட்டி. போயும் போயும் நான் சொல்றேன் அதை."

"அம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு ராத்திரி மெசேஜ்ல பேசி அனுப்பினாங்க. அத்தைக்குக் கோவம் வந்துருச்சு, நாளைக்கு மெதுவாப் பேசறேன்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க." அவன் முகம் நிமிர்ந்தது. "அம்மாவுக்குக் கேமராவத் திருப்பத் தெரியும் அத்தை. போன வாரம் உங்களக் காட்டினாங்க. நீங்க மெஷின்ல தைச்சிட்டிருந்தீங்க. முதுகு மட்டும் தெரிஞ்சுது. உங்க அத்தை எவ்ளோ வளைஞ்சுட்டா பாருன்னாங்க."

நேற்றுக் காலையிலிருந்து முதல்முறையாக, தையலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வச்சிடறேன்ப்பா."

"வைக்காதீங்க." அவன் அவசரமாகச் சொன்னான். "நீங்க பாத்தீங்கல்ல. நீங்க சொல்லுங்க. அம்மா எப்படி இருந்தாங்க?"

"எப்படிடா சொல்றது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவள் யோசித்தாள். முப்பது வருடமாக அண்ணிக்கு ரவிக்கை தைத்தவள் அவள். அளவு நோட்டைப் பார்க்காமலே வெட்டுவாள்.

"உங்கம்மாவுக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கம். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் எப்பவும் அரை இஞ்ச் கொறைச்சுத்தான் வெட்டுவேன். இன்னைக்குப் படுத்திருந்தப்ப பாத்தேன். ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருந்துச்சு."

அவன் "ம்" என்றான்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது."

அவன் குரல் மெலிந்து வந்ததால், அவள் போனைத் தூக்கிக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் படம் முழுக்க இருட்டாகியிருக்கும். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"தலைமுடிய நான்தான் வாரி விட்டேன்" என்று தொடங்கினாள் தையலக்கா. "வகிடு மட்டும் நேரா வரல..."