கண்ணாடியில் ஓடிய கோஹெய்

ஜப்பானில் படம் எடுப்பவரையும் கன்தொகு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேஸ்பால் அணியைக் கட்டி மேய்ப்பவரையும் கன்தொகு என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்திருந்தால் குராமோச்சி வீட்டில் பாதி மனஸ்தாபம் குறைந்திருக்கும்.

குராமோச்சி, நெரிமாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன கார்ட்டூன் ஸ்டுடியோவின் கன்தொகு. அவர் மகள் நாகிசா ஐந்தாம் வகுப்பு. பேட்டை அணியில், மட்டைக்காரன் பின்னால் குந்திப் பந்தைப் பிடித்து எறியும் கேட்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. பந்தைப் பிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் இடது கைக்காரி. கேட்சர் என்றால் வலது கையால்தான் எறிய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

அணியின் கன்தொகு நாவாதா, மதுக்கடைக்காரர். "நொட்டாங்கை கேட்சரை நான் பொறந்ததுலேர்ந்து பார்த்ததில்ல. டிவியிலகூடப் பார்த்ததில்ல" என்று சொல்லி, அவளை மைதானத்தின் வலது மூலைக்கு அனுப்பிவிட்டார். அங்கே பந்து வருவது பண்டிகைக்குப் பண்டிகைதான். அப்பா ஊரெல்லாம் தேடிக் கடைசியில் ஒசாகாவில் சொல்லிச் செய்து வாங்கிக்கொடுத்த மிட், வலது கையில் மாட்டும் அந்தக் குண்டுக் கையுறை, அவள் படுக்கைப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

டிவியில்கூட என்று நாவாதா சொன்ன சொல்லைக் குராமோச்சி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டிவியில் காட்டிவிட்டால் போயிற்று. இடது கை கேட்சரான ஒரு சிறுமி, அவளோடு தினம் பந்து எறிந்து விளையாடும் அப்பா. தொடருக்கு 'வா அப்பா, ஒரு பந்து' என்று பெயரும் வைத்துவிட்டார்.

பெயரோடு நின்றிருந்தால் நல்லது. படத்துக்குப் பணம் போடும் தயாரிப்புக் குழு என்று ஒன்று உண்டு. டிவிக்காரர், பொம்மைக்காரர், ஹாம் என்னும் பன்றிக்கறி விற்கும் ஹாம்காரர், கையுறைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எது கெட்டாலும் தன்னால் கெடவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. முதல் கூட்டத்தில் சிறுமி, கோஹெய் என்ற பையனானாள். இரண்டாவது கூட்டத்தில் அப்பாவின் குணம் போய் அந்த இடத்தில் ஹாம் வந்தது. மகனோடு மனம் விட்டுப் பேச வேண்டிய காட்சிகளில் எல்லாம் அவர் ஹாம் தின்றார்.

"பையனா?" என்றாள் நாகிசா.

"பொண்ணுன்னா பொம்மை விக்காதாம்மா."

"சரி, பையனாவே இருந்து தொலையட்டும். கை?"

"கையில மட்டும் ஒருத்தரையும் கை வைக்க விட மாட்டேன்."

"அப்படித்தான் பொண்ணுன்னும் சொன்னீங்க."

"இது வேற. இது சத்தியம்."

அவள் இடது சுண்டுவிரலை நீட்டினாள். அவர் தன் சுண்டுவிரலைக் கோத்து ஆட்டினார். டிவியில் வந்துவிட்டால் நாவாதா வாயடைத்துப்போவார், வசந்த காலப் போட்டியில் தனக்கு இடம் கிடைத்துவிடும் என்பது அவள் கணக்கு. அதில் பிழை ஒன்றும் இல்லை. அப்பா தன் வாக்கைக் காப்பாற்றினால் போதும்.

ஒளிபரப்புக்குச் சில வாரமே இருந்தது. முதல் பகுதிகள் தயாராகிவிட்டன. கடைசிக் கூட்டத்தில் கையுறைக் கம்பெனியின் முராகிஷி எழுந்து, தலை மேசையில் முட்டுமளவு குனிந்தார்.

"மன்னிக்கணும், ரொம்பச் சின்ன விஷயம். எங்ககிட்ட நொட்டாங்கை மிட்டே கிடையாதுங்க. கோஹெய் போட்டிருக்கறது வேணும்னு பசங்க கடையில வந்து நின்னா, என்னத்தைங்க எடுத்துக் குடுக்கறது?"

எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் மோதோகி, டிவி நிறுவனத்தின் பெரிய மனிதர், கண்ணை மூடி யோசித்தார். அவர் தூங்கினாலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் அசையவில்லை.

"படத்தையே திருப்பிப் போட்டா?" என்றார் கடைசியில். "இடம் வலமா, வலம் இடமா. கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன்தானே."

இப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறக்காமல் காற்றைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பெரியவர் ஒன்று சொன்னதும் அறையில் வீசும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வது. படிக்கத் தெரியாதவனுக்கு வேலை நிலைக்காது. குராமோச்சி அந்தப் பாடத்தில் எப்போதும் முதல் மதிப்பெண்.

ஆனால் அன்றைக்கு அவர் சாய்வதற்கு முன் மனதுக்குள் படத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். படத்தைத் திருப்பினால் கோஹெயின் கை மட்டுமா திரும்பும்? மைதானமே திரும்பும். பந்தை அடித்தவன் வலப்பக்கம் முதல் பேஸுக்கு ஓடாமல், இடப்பக்கம் மூன்றாவது பேஸுக்கு ஓடுவான். ஜப்பானில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியும் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது.

"தலைவரே, அப்படித் திருப்பினா..." என்று ஆரம்பித்தார் குராமோச்சி.

"திருப்பினா?"

சுண்டுவிரல் நினைவுக்கு வந்தது. ஸ்டுடியோவின் அடுத்த வருட வேலையும் நினைவுக்கு வந்தது.

"...கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

"தாராளமா எடுத்துக்கங்க கன்தொகு."

"அருமையான யோசனை. எந்தக் கையால தின்னாலும் ஹாம் ஹாம்தானே" என்றார் ஹாம்காரர். ஸ்கோர் பலகையில் எழுத்தெல்லாம் திரும்பிவிடுமே என்று ஒரு குரல் முனகியது. அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இன்னொரு குரல் அதை அமுக்கியது. மிட்டில் இருந்த கையுறைக் கம்பெனியின் பெயரை மட்டும் நேராக மாற்றி ஒட்ட வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வீட்டுக்குப் போன குராமோச்சி மகளிடம் வாயே திறக்கவில்லை. மறுநாள் ஸ்டுடியோவில் பட்டனை அமுக்கியது அவர் விரல்தான். எந்த விரல் என்று அவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. அம்மாவுக்கு மருத்துவமனையில் ட்யூட்டி. அப்பாவும் மகளும் சோற்றில் புளிக்கவைத்த சோயா நாத்தோவைக் கலந்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நாகிசா அந்த மிட்டை மடியில் வைத்திருந்தாள்.

கோஹெய் திரையில் வந்தான். இடது கையில் மிட். வலது கையால் எறிந்தான். மிட்டில் கம்பெனியின் பெயர் பளிச்சென்று நேராகத் தெரிந்தது. நாகிசாவின் சாப்ஸ்டிக் அந்தரத்தில் நின்றது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கோஹெய் பந்தை ஓங்கி அடித்துவிட்டு ஓடினான்.

"அப்பா, அவன் மூணாவது பேஸுக்கு ஓடறான்."

"ம்."

"யாருமே சொல்லலையா?"

"எல்லாருக்கும் தெரியும்மா."

"நான் அதைக் கேக்கல."

போன் அடித்தது. நாவாதா. மதுக்கடைக் குரல், காதில் வைக்காமலே அறை முழுவதும் கேட்டது.

"குராமோச்சி ஐயா, பிரமாதம்! உங்க கோஹெய் வலது கை. நான் என்ன சொன்னேன்? கேட்சர்னா அதுதான். ஓட்டந்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபடல, ஏதோ புது மோஸ்தர் போலிருக்கு. ஆனா கை சரி. பொண்ணுகிட்டயும் காட்டுங்க. எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

"காட்டறேன்" என்றார் குராமோச்சி. இல்லை என்று சொல்ல அந்தப் போனிலும் அவருக்கு வாய் வரவில்லை.

நாகிசா எழுந்தாள். அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அழவில்லை. பக்கத்து அறையின் தள்ளுகதவைத் திறந்தாள். அங்கே அம்மாவின் அலங்காரக் கண்ணாடி நின்றது. அதில் டிவி தெரியும்படி கொஞ்சம் சாய்த்து வைத்து, டிவிக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள். மிட்டை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டாள்.

குராமோச்சியும் போய் அவள் பின்னால் நின்றார். கண்ணாடிக்குள் கோஹெய் வலது கையில் மிட்டோடு குந்தியிருந்தான். அவர் ராவும் பகலும் வரைந்த அதே பையன். இடது கையால் எறிந்தான். அடுத்து மட்டை பிடித்தவன் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினான். ஸ்கோர் பலகை நேராக நின்றது. கோஹெயின் அப்பா கையில் ஹாம் இருந்தது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அந்தத் தொடர் எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டோடு பெயர்கள் வர ஆரம்பித்தன. படத்தைத் திருப்பிய பிறகு மேலே ஒட்டிய பெயர்கள் அவை. முதலில் தயாரிப்புத் தலைவர் மோதோகி. அந்தப் பெயரை எழுதும் இரண்டு ஜப்பானிய எழுத்தும், நடுவில் மடித்தால் ஒரு பாதி மறு பாதியோடு பொருந்திப்போகிற ரகம். கண்ணாடியிலும் அது கம்பீரமாக நேராகவே நின்றது. எந்தப் பக்கம் புரட்டினாலும் நேராகத் தெரிகிற பெயர் சிலருக்குத்தான் வாய்க்கிறது.

கடைசியாக 'கன்தொகு' என்று வந்து, அதன் கீழே குராமோச்சி என்று வந்தது. நாகிசா கண்ணாடிக்கு அருகில் நகர்ந்து, தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்குப்பா" என்றாள். "அந்தக் கம்பெனி பேரும் உங்க பேரும்தான் திரும்பியிருக்கு."