பூந்தேர் சோப்பும் நாற்பத்தொரு மாதமும்

பீளமேட்டில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் கிஷனின் மனைவி சாய்ப்ரியா, தன் முதல் குழந்தையை நாற்பத்தொரு மாதம் சுமந்தாள். ஏழாம் மாதம்வரை எல்லாம் ஊர் வழக்கப்படிதான் நடந்தது. 2021 ஆவணியில், வளைகாப்பு முடிந்த மறுநாள், கிஷன் சேமிப்பு முழுவதையும் போட்டுப் பூந்தேர் சோப்புக் கம்பெனியின் பங்குகளை முந்நூற்று இருபது ரூபாய் விலையில் வாங்கினார். தொண்ணூறு வருடக் கம்பெனி, பல்லடத்திலிருந்து ஆனைமலைவரை அந்தச் சோப்பு இல்லாத குளியலறை கிடையாது, சந்தைக்குத்தான் கண் தெரியவில்லை என்பது அவர் கட்சி. நான்கு நாள் கணக்குப் போட்டு, உண்மையான மதிப்பு அறுநூற்று நாற்பது என்று டைரியில் எழுதினார். அதைத் தொடாமல் விற்பதில்லை என்று மனைவியின் வயிற்றில் கைவைத்துச் சொன்னார். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டது.

அதன்பின் அது விலையோடு வளர்ந்தது. பங்கு ஏறினால் ஸ்கேனில் எடை கூடும், இறங்கினால் குறையும். இருநூற்று அறுபதுக்கு விழுந்த வாரம் துடிப்பே மெலிந்துபோய், சாய்ப்ரியா வயிற்றைப் பிடித்தபடி ஐந்து நாள் நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்போது விற்றால் குறைமாதக் குழந்தை. விற்காவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. டாக்டரம்மா மருந்துச் சீட்டின் மூலையில் அன்றைய விலையையும் குறிக்கத் தொடங்கினார். எத்தனை மாசமுங்க என்று விசாரித்த தெருக்காரர்கள், இன்னைக்கு ரேட்டு என்னங்க என்று விசாரிக்கலானார்கள். மாமியார் ரங்கம்மாள் பூந்தேர் சோப்பைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். அதில் விலை காலணா ஏறவில்லை.

2024 ஆனியில் பங்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு வந்து நின்றது. வலி எடுத்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாளாகியும் குழந்தை இறங்கவில்லை. ஆபரேஷன் செய்யப் பார்த்தால் கத்தி தோலில் பதியவில்லை. மூன்று கத்தி மாற்றிவிட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். துடிப்பு குறைந்துகொண்டே வருகிறது, சந்தை மூடும் மூன்றரை மணிக்குமேல் தாங்காது என்றார். விலை அசையவில்லை.

“இன்னும் நாப்பத்திரண்டு ரூவாதான் அம்மணி, பொறுத்துக்க,” என்றார் கிஷன்.

“ஏனுங்க, அந்த அறுநூத்தி நாப்பது எந்தச் சாமி சொன்னதுங்க? நீங்க போட்ட கணக்குதானுங்களே?” என்றாள் சாய்ப்ரியா.

கிஷனுக்கு அவமானமாக இருந்தது. சனத்தில் பாதி, பாட்டிலில் வரும் திரவச் சோப்புக்கு மாறிவிட்டதை அவர் ஒரு வருடமாகப் பெருந்துறைக் கடைகளில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கணக்கைத் திருத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று திருத்தாமல் விட்டிருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து டைரியைப் பிரித்து முதலிலிருந்து கூட்டினார். ஐந்நூற்றுத் தொண்ணூறு வந்தது. அதை எட்டு ரூபாய்க்கு முன்பே தாண்டியாயிற்று. பழைய எண்ணை அடித்துவிட்டு, மூன்று இருபத்தாறுக்கு எல்லாவற்றையும் விற்றார். மூன்று இருபத்தெட்டுக்குக் குழந்தை பிறந்தது.

பெண். மூன்று கிலோ நூறு கிராம், ஒன்பது பல், தோள்வரை முடி. நர்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டாள். சாய்ப்ரியா குழந்தையைக் கிஷன் கையில் கொடுத்தாள்.

“இவ காத்துக் கெடந்தது போதுமுங்க. இனி நீங்க காத்திருங்க.”

கிஷன் அழுதுவிட்டார். குழந்தை அவர் கையிலேயே தூங்கிப்போனது. பால் கொடுக்க எழுப்பட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, தானா முழிக்கட்டுமுங்க என்று சொல்லி, கை மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.