மஞ்சள் குடைக்குப் பின்னால்

...இல்லை, இப்போதும் கூப்பிடவில்லை, "இங்க பாருங்க" என்றுதான் சொன்னாள், கல்யாணமாகி ஒரு மழைக்காலமே முழுசாகப் போய்விட்டது, அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை, போனால் போகிறதென்று ஒரு ஆன்ட்டிகூட இல்லை, வெறும் "இங்க பாருங்க", பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக் கூப்பிடுவது மாதிரி. கணவரின் மூத்த தாரத்து மகள், எட்டு வயது, துள்ளித் துள்ளி முன்னால் போகிறாள். அதற்கும் முன்னால் வழிகாட்டி, மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி, பழைய தலைநகரத்தை ஒரே நாளில் காட்டி முடித்துவிடுவாராம், கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு, குடும்பம் குடும்பமாகப் பின்னால் ஓடுகிறார்கள். மூன்று டிக்கெட் எடுத்த மகராசன் ஆபீஸில் அவசர வேலை என்று கழன்றுகொண்டார், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, பழகிக்கலாம்ல என்று சமாதானம் வேறு... ஒரே வீட்டில் இருந்து பழகாததையா இந்தக் கோட்டையில் பழகப்போகிறார்கள்?

"இந்தக் கதவைத் தொறக்க நாலு யானை வேணுமாம், காலையில என் பையனை எழுப்ப அதுவும் பத்தாது" என்றார் வழிகாட்டி, எல்லோரும் சிரித்தார்கள், சின்னவள் சிரித்தாளா என்று இவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், சிரித்தாள், பல் விழுந்த இடம் தெரிந்தது... அந்தப் பல் விழுந்த அன்று அப்பா வரும்வரை கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள், இவள் கேட்டும் காட்டவில்லை. "பாப்பா, படி வழுக்கும், அம்மா கையப் புடிச்சுக்க" என்றார் வழிகாட்டி. திக்கென்றது, இவங்க எங்கம்மா இல்ல என்று இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுவாளோ... சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள், படி முடிந்ததும் விட்டுவிட்டாள். அதற்கே உச்சி குளிர்ந்துவிட்டது, வெட்கங்கெட்ட மனசு. வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படத்தில் சிரிக்கிறாளே, அவள்தான் அம்மா, அந்த இடத்தை யார் கேட்டார்கள், சத்தியமாகக் கேட்கவில்லை, ஆனால் கூப்பிட ஒரு வார்த்தை வேண்டாமா மனுஷிக்கு?

அரண்மனையில் ராணியின் கட்டிலைப் பார்த்து, இத்தனை பெரிய கொசுவலையை யார் துவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பினால், பக்கத்தில் பிள்ளை இல்லை. ஜன்னலோரம் இல்லை, தூணுக்குப் பின்னால் இல்லை, இங்கேதானே நின்றாள், ஐயோ, அவருக்கு என்ன பதில் சொல்வது, பெத்தவளா இருந்தா விடுவாளா என்று ஊர் கேட்குமே... "யாரைக் காணோம்மா?" என்று வழிகாட்டி ஓடி வந்தார். "என் வீட்டுக்காரரோட பொண்ணு சார்." வாயில் அப்படித்தான் வந்தது, யோசிக்கவே இல்லை. அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியில் கேட்டார், அது கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டுப் பேசியது, "வாள் வச்சிருக்கற ரூம்ல ஒரு பாப்பா தனியா நிக்குது சார், எங்கம்மாவக் காணோம், மஞ்சக் குடை பின்னாடி போனாங்கன்னு சொல்லுது."

வழிகாட்டி குழப்பமாகப் பார்த்தார். "அம்மாவத் தேடுதாமே, அப்ப இது வேற பாப்பாவா?" வேறு பாப்பா இல்லை, அவளேதான், எப்படித் தெரியும் என்றால் தெரியும், அவ்வளவுதான்... ஓடினாள். காவலாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவள் இவளைப் பார்த்ததும், "எங்க போயிட்டீங்க?" என்றாள், கோபமாக, அப்போதும் ஒரு வார்த்தை சேர்க்காமல். கட்டிக்கொள்ளலாமா, திட்டலாமா, சற்றுமுன் காவலாளியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டுவிடலாமா... கேட்கவில்லை. முகத்துக்கு நேரே வராத வார்த்தை முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது, இன்றைக்குத்தானா, பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாளா? அப்படியென்றால் தான் இவளை மற்றவர்களிடம் என்னவென்று சொல்லி வந்திருக்கிறோம் என்று யோசித்தாள், பக்கத்து வீட்டில், காய்கறிக் கடையில், பிறந்த வீட்டுக்குப் போன் பேசும்போது... என் பொண்ணு என்று ஒரு இடத்திலாவது சொன்னதாக ஞாபகம் வரவில்லை.