மூன்றாம் மணியின் தோலுறை

மழை பெய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க இயலாத முகில்கள் கூரைகளின்மேல் தாழ்ந்து தங்கியிருக்க, நான்கு பெருந்தெருக்கள் வந்து கூடும் சதுக்கத்தில் கடைகளெல்லாம் பாதிக் கதவு சாத்தி, கொடிகளெல்லாம் பாதிக் கம்பத்துக்கு இறங்கி, மாந்தரெல்லாம் பாதிக் குரலில் பேசிக்கொண்டிருந்த ஒரு முற்பகற்பொழுதில், அந்நகரின் நடுவே ஐந்து மணிகளைத் தன் நெஞ்சில் தாங்கிய தேவாலயக் கோபுரம் எவர் முகத்தையும் பாராமல் நின்றுகொண்டிருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் நாட்டை ஆண்ட தலைவர் தமது எழுபத்தொன்பதாம் அகவையில் இறந்து இரண்டு நாளாகியிருந்தது. நல்ல தமிழை நாடிப் படிக்கும் நெஞ்சத்தீர், அழுகைக்கு அந்நாளில் அந்நகரில் இரண்டு வேலை இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது அழுதவர் கண்ணை நனைத்தது. அழாதவர் யார் என்பதைக் காட்டியும் கொடுத்தது. ஆகவே கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தவர்கள்கூட, அதன் ஓரத்தால் அடுத்தவரை ஒரு கண் பார்த்துக்கொண்டார்கள்.

அந்நகரில் இறப்புக்கு மணி ஒலிக்கும் முறை ஒன்று உண்டு. மணியின் நாக்கு இரு பக்கமும் மோதுவது. அதன் ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் தோலுறை பொருத்தி வாரால் இறுகக் கட்டிவிடுவார்கள். கீழறையில் நிற்பவர் கயிற்றை இழுக்க, மேலறையில் மணி ஒருபால் சாயும்போது தெளிந்த ஓசை எழும். மறுபால் சாயும்போது அதே ஓசையைத் தோல் விழுங்கிவிட, அடுத்த வீட்டில் யாரோ விம்முவதுபோல் அமுங்கி வரும். தோல் கட்டாத மணி திருமணத்துக்கும் வெற்றிக்கும் உரியது. துயர்நாளில் ஒரு மணி இருபுறமும் கணீரென்று ஒலித்துவிட்டால், அது இறந்தவர் முகத்துக்கு நேரே சிரித்ததாகவே கொள்ளப்படும். தலைவரின் அகவைக்கு ஈடாக எழுபத்தொன்பது சுற்றுகள், ஒன்பது நாள், நாள்தோறும் நண்பகலில் ஒலிக்க வேண்டும் என்பது ஆணை. தொடங்கிய எண்ணிக்கை நடுவில் அறுந்துபோகக் கூடாது; பழுதான மணியொன்றை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமையோ மணிக்குழுவின் மூத்தவருக்கு மட்டுமே உண்டு.

அந்த மூத்தவர் தொழிலால் கடிகாரம் பழுது பார்ப்பவர். திருகாணியைத் திருகி முடித்தபின் மீண்டும் திருகிப் பார்ப்பார். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். 'இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்' என்று நாளொன்றுக்கு நாற்பது முறை சொன்னமையால், ஊரார் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர் சூட்டி, அவர் காதுபடவும் அழைத்து வந்தனர். ஐயம் என்பது கடிகாரத்துக்கு நல்லது; மனிதருக்கு எவ்வளவு நல்லது என்பதைப் பற்றித்தான் இந்தக் கதை.

மூன்றாம் மணியின் கயிறு அவருடைய தம்பி மனைவியின் கையில் இருந்தது. தோல் தைப்பது அவள் தொழில்; ஐந்து மணிகளுக்கும் உறை தைத்தவளும் கட்டியவளும் அவளே. அவள் கணவன் அச்சுக்கோப்பவன். தலைவரைப் பழித்து எவரோ எழுதிய ஒற்றை வரியைக் கோத்துக் கொடுத்த குற்றத்துக்காக நான்காண்டுகளாகச் சிறையில் இருந்தான். துயர்நாள்கள் முடியும் ஒன்பதாம் நாளன்று அவனை விடுவிப்பதாகத் தாளொன்று வந்திருந்தது. ஆனால், அத்தாளின் அடியில் நகரின் காவல் அலுவலர் கையெழுத்திட வேண்டும். துயர்நாள்களில் அவன் குடும்பத்தார் முறையோடு நடந்துகொண்டார்கள் என்று அவர் உறுதி கூறினாலன்றி அந்தத் தாள் வெறும் தாளே. அண்ணனுக்கும் மனைவிக்கும் இது தெரியும். நான்காண்டுகளாக அவர்கள் ஒரே மேசையில் உண்டும் ஒருவர் நெஞ்சை மற்றவர் அறியாதிருந்ததற்குக் காரணம், அவள் ஒருமுறைகூட அழவில்லை என்பதே. அழாத பெண்ணின் உள்ளத்தில் என்ன வேகிறதோ என்று அவர் நாளும் நினைத்து நாளும் அஞ்சினார். கணவனைச் சிறையில் அடைத்தவன் செத்தான் என்ற களிப்பில், கையில் கிடைத்த மணியை அவள் சிரிக்க வைத்துவிட்டால்? ஒரு நொடி இன்பத்துக்காகத் தம்பியின் வீடுதிரும்பலைத் தொலைத்துவிட்டால்?

எனவே இன்னொருதடவை மேலே ஏறினார். மணி ஒலிக்கத் தொடங்குவதற்கு முதல் நாள் மாலை, அவள் உறைகளைக் கட்டிவிட்டு இறங்கியதும் ஏறினார். மூன்றாம் மணியின் உறை மட்டும் கண்ணில் உறுத்தியது. மறுநாள் விடிந்ததும் ஏறினார். நண்பகலுக்குக் கால்மணி நேரம் இருக்கையில், மற்றவர்கள் கீழறையில் கயிறுகளின் அருகே வந்து நின்றபின், மூன்றாம் முறையாக ஏறினார். படிகள் நாற்பத்திரண்டும் மரத்தாலானவை. ஏறுபவர் பூனையே ஆனாலும் கீழறைக்குக் கேட்டுவிடும்.

"பெரியவர் மறுபடி ஏறிட்டாரு" என்று அடுமனைக்காரர் சொல்ல, "பூட்ட இழுத்துப் பாக்கப் போயிருப்பாரு" என்றார் பல் மருத்துவர். அஞ்சல்காரர் சிரித்துவிட்டு, துயர்நாள் என்பது நினைவுக்கு வரவே, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தோல் தைப்பவள் மட்டும் தலையை உயர்த்தி, ஒவ்வொரு காலடியும் எங்கே போய் நிற்கிறதென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் இறங்கி வந்து தம் கயிற்றைப் பிடிக்க, மணி நண்பகலைத் தொட்டதும் சுற்றுகள் தொடங்கின. தெளிவும் அமுக்கமும் மாறி மாறி எழுந்து, சதுக்கத்தில் தலை தாழ்த்தி நின்ற கூட்டத்தின்மேல் பரவி, பாதிச் சாத்திய கதவுகளுக்குள்ளும் நுழைந்து, கடனுக்கு அழுதவர்களையும் ஒருகணம் உண்மையாகவே அழவைத்தன. பத்து, இருபது, முப்பது என்று எண்ணிக்கை வளர்ந்தது. பல்லைப் பிடுங்குவதுபோல் வெடுக்கென்று இழுக்கும் மருத்துவரின் கயிறுகூட அன்று ஒழுங்காகவே இறங்கி ஏறியது. நாற்பத்தோராம் சுற்றில் மேலறையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. அடுத்த இழுப்பில் மூன்றாம் மணி ஒருபால் கணீரென்றது, மறுபாலும் கணீரென்றது.

"அத்தான், என் மணி திறந்துடுச்சு!" என்று அவள் கத்தினாள். "நிறுத்திடட்டுமா? சொல்லுங்க!"

நிறுத்து என்ற ஒரு சொல் போதும். மற்ற நான்கு மணிகளும் எண்ணிக்கையைக் காப்பாற்றியிருக்கும். ஆனால், அவள் முகத்தைப் பார்த்த இன்னொருதடவை அதில் கண்டது அச்சத்தை அன்று, நடிப்பை. செய்வதையும் செய்துவிட்டு என் வாயாலேயே நிறுத்தச் சொல்ல வைத்து, என்னையும் கூட்டுச் சேர்க்கிறாள் என்று எண்ணினார். அவர் வாய் திறக்கவில்லை. ஆணையில்லாமல் கயிற்றை விட அவளுக்கு உரிமையில்லை. முப்பத்தெட்டுச் சுற்றுகள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, நான்கு மணிகள் விம்ம, ஒரு மணி மட்டும் திருமண வீட்டுக்கு வந்ததுபோல் சதுக்கத்தின்மேல் சிரித்துக்கொண்டே இருந்தது. கீழே தாழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

எழுபத்தொன்பதாம் சுற்று அடங்கியதும் அவளே முதலில் மேலே ஓடினாள். பின்னாலேயே மூச்சிரைக்க ஏறிய மூத்தவர், அவள் குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்து, ஒருமுறை உற்றுப் பார்த்து, தன் தோள்பைக்குள் சட்டென்று திணிப்பதைக் கண்டார். 'பார்த்தாயா' என்றது அவருள் நான்காண்டுகளாகக் குடியிருந்த ஐயம்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல அத்தான். கீழ வாங்க, பேசிக்கலாம்."

அவர்கள் இறங்கி வருவதற்குள் காவல் அலுவலர் இரு காவலர்களோடு கீழறையில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மேனியும் மென்மையான குரலும் உடையவர். குரலை உயர்த்தத் தேவையில்லாத பதவியில் பல்லாண்டு இருந்தவர்களுக்கு வாய்ப்பது அந்த மென்மை.

"மூணாம் மணி யாரோடது?"

"என்னோடதுங்க" என்றாள் அவள். "தோல் கழண்டு விழுந்துடுச்சு. வேணும்னு செய்யல."

"உன் வீட்டுக்காரன் தாள் என் மேசைமேலதான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"விழுந்த தோல் எங்க?"

அவள் தோள்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். மேலே தேடச் சென்ற காவலர் வெறுங்கையோடு திரும்பினார். அப்போது, தம்பியைக் காப்பதற்காகவே பேசுகிறேன் என்று தம்மையே நம்பவைத்துக்கொண்டு, உண்மையில் தம் தோலைக் காப்பதற்காக இன்னொருதடவை வாய் திறந்தார். அவரைக் கோழை என்று சொல்ல என் நா கூசவில்லை. ஆனால், அச்சத்தோடு நான்காண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த எவரும் அவ்விடத்தில் என்ன செய்திருப்பார் என்று கேட்டால் விடை சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

"அவ பையப் பாருங்க, ஐயா" என்றார். "மேல இருந்து எதையோ எடுத்து ஒளிச்சு வச்சா. என் கண்ணால பாத்தேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்பார்வையில் சினம் இல்லை. நெடுங்காலமாக ஐயுற்றிருந்த ஒன்று உறுதியான பின் முகத்தில் வரும் ஓர் அயர்வு மட்டுமே இருந்தது. பையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அலுவலர் உள்ளிருந்து தோலுறையை எடுத்தார். அதன் வாரில் முடிச்சு அவிழாமலே இருந்தது. வழுக்கி உருவிக்கொண்டு உறை மட்டும் கழன்றிருந்தது. சிறிய, இரட்டைக் கண்ணியிட்ட, ஒரு நூலளவு முனைகூட வெளியே தொங்காதபடி ஒட்ட நறுக்கப்பட்ட முடிச்சு. மற்ற நான்கு உறைகளையும் கழற்றிக் கொண்டுவரச் செய்தார். அவற்றின் முடிச்சுகள் முரட்டுத்தனமாக, விரல் நீளத்துக்கு வால் விட்டு, வார் மரம்போல் காய்ந்து இறுகிக் கிடந்தன.

"நாலு ஒரு கை. இது வேற கை" என்றார் அலுவலர். "வாரை நனைச்சுக் கட்டினா காயக் காய இறுகும். இதைக் காஞ்ச வாரில போட்டிருக்காங்க. யார் போட்டது?"

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அலுவலர் தொங்கும் கயிற்று மிச்சமொன்றை மூத்தவரிடம் நீட்டி, "நீங்க ஒரு முடிச்சுப் போடுங்க" என்றார். இன்னொருதடவையின் விரல்கள் கயிற்றை வாங்கின. அவர் மனம் மறுக்க நினைத்தது. நாற்பதாண்டுப் பழக்கமோ மனத்தைக் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணி விழுந்தது, இறுகியது, அவர் கை தானாகவே சட்டைப் பைக்குள் சென்று கடிகாரக்கடைச் சிறு கத்தரியை எடுத்து நீண்டிருந்த முனையை ஒட்ட நறுக்கியது. நறுக்கிய துண்டு தரையில் விழுந்த பின்னரே தாம் என்ன செய்தோம் என்று அவருக்கு விளங்கியது.

"நான்தான்" என்றார். "அவ கட்டினத நம்பாம அவிழ்த்துட்டு நான் கட்டினேன். என் முடிச்சு நழுவும்னு நினைக்கவே இல்ல, அவதான் ஏதோ செஞ்சிருப்பான்னு நெனச்சுட்டேன். அவமேல தப்பே இல்ல, ஐயா. தம்பிய விட்டுடுங்க. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

"அப்ப நீ ஏம்மா ஒளிச்ச?" என்று கேட்டார் அலுவலர்.

"அத்தான் மூணு தடவ மேல ஏறினத கீழ இருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் அவள். "முடிச்சப் பாத்ததும் யாருதுன்னு தெரிஞ்சுது. என் வீட்டுக்காரரு திரும்பி வரப்ப அவரோட அண்ணன் சிறைக்குள்ள இருக்கக் கூடாதுன்னுதான்..."

வாக்கியம் முடியவில்லை. நான்காண்டுகள் அழாதவள் அப்போது அழுதாள். மூத்தவர் கேட்க விரும்பிய அழுகை அதுவே. கேட்டபோதோ காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது அவருக்கு.

காவல் அலுவலர் நெடுநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் கூடி ஆடும் கூத்தோ என்று அவரும் ஐயுற்றார். ஐயுறுவதற்காகவே ஊதியம் பெறுபவர் வேறென்ன செய்வார்? ஆயினும் தரையில் கிடந்த அந்தச் சிறு கயிற்றுத் துண்டை அவரால் பொய்யென்று சொல்ல முடியவில்லை. கவனக்குறைவு என்று எழுதினார். கடிகாரக்காரரை மூத்தவர் பொறுப்பிலிருந்து நீக்கி, அதை அவளிடம் ஒப்படைத்தார். தம் பிழையைத் தேவாலய வாயிலில் நின்று அவரே ஊராருக்குப் படித்துச் சொல்ல வேண்டும் என்றும் ஆணையிட்டார். மறுநாள் இன்னொருதடவை அதைப் படித்தார்; ஒருமுறைதான் படித்தார்.

ஒன்பதாம் நாள் காலை தம்பி வந்தான். தலை நரைத்து, தோள் ஒடுங்கியிருக்க, சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு, "இவள நீங்கதான் பாத்துக்கிட்டீங்கன்னு தெரியும்ண்ணா" என்றான். அவர் அவன் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலுக்கு முன் கோபுரத்தின் கீழறையில் இருவரும் தனித்திருந்தபோது, "அவன்கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அன்றைக்கு மிகச் சிறிய மணி அவருக்கு. அதன் உறையை முந்தைய மாலை அவரே கட்டியிருந்தார்: வாரை நன்றாக நனைத்து, முரட்டு முடிச்சிட்டு, விரல் நீளத்துக்கு வால் விட்டு. கத்தரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அவளிடம் சொன்னார். அவள் தலையசைத்தாள். அடுமனைக்காரரும் மற்றவர்களும் வந்து தத்தம் கயிற்றருகே நின்றனர். கால்மணி நேரம் இருந்தது. தம்பி கீழே சதுக்கத்தில், நான்காண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் திறந்த வானத்தின்கீழ், கேட்பதற்காக நின்றுகொண்டிருந்தான்.

அவள் தன் கயிற்றைக் கொக்கியில் மாட்டினாள்.

"மேல போய் இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடறேன், அத்தான்" என்றாள்.

ஏளனமில்லை அக்குரலில், அதனால்தான் அது அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. மரப்படிகளில் அவள் காலடிகள் ஏறின. ஒன்று, இரண்டு என்று அவர் கீழேயிருந்து எண்ணினார். நாற்பத்திரண்டாம் படிக்குப் பின் மேலறைத் தரையில் சில அடிகள் நடந்து ஓசை நின்றது. அது எந்த மணியின் அருகே நின்றதென்று அவருக்குத் தெரியும். அங்கே எவ்வளவு நேரம் நின்றதென்றும் தெரியும். தம் காலடிகளை அவள் இப்படி எத்தனை நாள் கேட்டிருப்பாள் என்பது மட்டும் அவருக்கு எண்ணத் தெரியவில்லை.

அவள் இறங்கி வந்தாள். கயிற்றைக் கையிலெடுத்து, "தொடங்கலாம்" என்றாள். படிப்போரே, அன்று ஐந்து மணிகளும் பிழையின்றி ஒலித்தன. தெளிந்த ஓசை ஒன்று. அதன்பின் அமுங்கிய ஓசை ஒன்று. இறந்த தலைவருக்காக ஊரார் கேட்ட அந்த இரண்டாவது ஓசையை, கடிகாரக்காரர் மட்டும் வேறொன்றுக்காகக் கேட்டபடி, தலை தாழ்த்தி, எழுபத்தொன்பது முறையும் இழுத்தார்.