இடமிருந்து வலமாக ஏழு பேர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. என் அக்காவிடமிருந்து சுட்டது. அவளைக் கிண்டல் செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

அக்கா ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். மற்றவர்கள் தைத்ததைப் பிரித்து, அளவு பார்த்து, மறுபடி தைத்துக் கொடுப்பது வேலை. ஞாயிறு தவறாமல் அருங்காட்சியகம் போவாள். படங்களில் முகத்தைப் பார்க்கமாட்டாள், தையலைப் பார்ப்பாள். ஒரு தளபதியின் ஆளுயர ஓவியத்தின் முன்னால் கால்மணி நேரம் நின்றுவிட்டு, இந்தக் கோட்டோடு வாளைத் தூக்கினால் அக்குள் கிழிந்துவிடும், வரைந்தவர் கோட்டுக்குக் கை வைத்துத் தைப்பதைப் பார்த்ததே இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அந்த ஓவியம் அன்றைக்குத்தான் பிடித்தது.

தொடக்கம் ஒன்று: "உயர்ந்த தூண்களுக்கு நடுவே அந்த எளிய தையல்காரி தயங்கித் தயங்கி..."

(தயங்கவே இல்லை. பக்கவாட்டு வாசலில் வரிசை குறைவு என்று தெரிந்தவள். தூண்கள் பக்கமே போவதில்லை.)

தொடக்கம் இரண்டு: "கலை அவளுக்கு ஆறுதலாக இரு..."

வேண்டாம். ஆறுதல் தேட அவளுக்கு என்ன கேடு?

2

மூன்றாவது மாடியில் பழைய புகைப்படக் கண்காட்சி. ஒரு படத்தில் தையல்கூடம். நீள மேசைக்குப் பின்னால் ஏழு பெண்கள், ஒரே மாதிரிக் கோட்டு, ஆளுக்கு முன்னால் ஒரு கத்தரிக்கோல். சுவரளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே "இடமிருந்து வலமாக" என்று ஏழு பெயர்கள்.

அக்கா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எனக்கோ பசி.

"படத்தத் திருப்பிப் போட்டிருக்காங்கடா" என்றாள்.

பெண்களின் கோட்டில் காஜா, அதாவது பட்டன் துளை, போட்டிருப்பவரின் வலப்பக்கம் இருக்கும், பட்டன் இடப்பக்கம். ஆண்களுக்கு நேர்மாறு. இந்த ஏழு பேருக்கும் ஆண்களுக்கு இருப்பதுபோல் இருந்தது. பழைய கண்ணாடி நெகட்டிவ் தகட்டை மறுபக்கமாக வைத்துப் பிரதி எடுத்துவிட்டார்கள் என்பது அவள் கட்சி. அப்படியென்றால் இடம் வலமாகிவிட்டது. ஏழு பெயர்களில் ஆறு வேறொருத்தி தலையில். நடுவில் நிற்பவளுக்கு மட்டும் யோகம், எப்படித் திருப்பினாலும் அவள் பெயர் அவளுக்கே.*

* திரும்பிய படத்தைப் பார்த்தே பெயர் எழுதியிருந்தால்? நானும் மடக்கினேன். பட்டியல், படம் எடுத்த அன்றே தையல்கூடத்தில் எழுதியது என்று பக்கத்துப் பலகையிலேயே போட்டிருந்தது. அக்கா படித்திருந்தாள். எழுத்தாளன் படிக்கவில்லை.

3

கண்காட்சியின் பொறுப்பு ஒரு காப்பாட்சியரிடம். மரியாதையான மனிதர், உட்காரச் சொன்னார். அந்தப் பெண்களுக்கு ஆண்களின் சீருடையையே கொடுத்திருக்கலாம் என்றார். இந்தப் படங்கள் புத்தகமாக வருகின்றன, அடுத்த வாரம் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது, இனி எதையும் நிறுத்த முடியாது என்றார். "பட்டனையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்க" என்று சிரித்தார்.

போன வரைவில் இங்கே "எல்லோரும் சிரித்தோம்" என்று எழுதியிருந்தேன். பொய். அக்கா சிரிக்கவில்லை. நான்தான் கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவரோடு சேர்ந்து சிரித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

வெளியே வந்ததும், விடு அக்கா, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

"முப்பது வருஷமா தைக்கிறேன். நாளைக்கு என் படத்துக்குக் கீழ வேற எவ பேரையோ போட்டா, விட்டுடுவியா நீ?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

4

வீட்டுக்குப் போனவள் அடுத்த ஞாயிறு மறுபடி மூன்றாவது மாடி ஏறினாள். இந்தமுறை கோட்டை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தாள்.

வலக்கைக்காரர்களின் கத்தரிக்கோலில், நுனி அப்பால் இருக்கும்படி வைத்தால், வலப்பக்க அலகுதான் மேலே இருக்கும். குப்புறப் போட்டாலும் அதேதான். படத்தில் ஏழு கத்தரிக்கோலிலும் இடப்பக்க அலகு மேலே.

"கோட்ட இரவல் வாங்கலாம். ஏழு பேரும் இடது கைய இரவல் வாங்கினாங்களா?"

அன்று சிரித்ததற்குப் பரிகாரமாகக் காப்பாட்சியருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "படிப்பறிவு குறைந்த ஒரு தையல்காரியின் பணிவான..." என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டாள். "என்னப் பாவமா எழுதாத."

(இந்தக் கதையிலும் அதே வேலையைப் பார்த்தேன். ஒரு முதியவர் வாராவாரம் வந்து, தவறான பெயர் போட்ட பெண்ணைத் தன் அம்மா என்று வணங்குகிறார் என்று உருக்கமாக ஒரு பத்தி. அக்கா படித்துவிட்டு, அவருக்கு அம்மா முகம்கூடவா தெரியாது என்று கேட்டாள். பத்தி போயிற்று.)

இன்று செவ்வாய், நாளை புத்தகம் அச்சுக்குப் போகிறது. கடையிலிருந்து பெரிய கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள், நேரில் காட்டுவதற்கு. வாசலில் காவலாளி தடுத்தாராம். வெட்டும் பொருளுக்கு அனுமதி இல்லை. அது அவர் வேலை, அக்கா சண்டை போடவில்லை. தன்னால் உள்ளே வரமுடியாது, அதனால் காப்பாட்சியரை வெளியே வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

5

முடிவு அ: காப்பாட்சியர் ஓடோடி வந்து...

(அவர் ஓடுகிற ஆள் இல்லை.)

முடிவு ஆ: யாரும் வரவில்லை. கொட்டும் மழையில் அக்கா...

போன் செய்து கேட்டேன். மழை இல்லையாம். காப்பாட்சியர் மீட்டிங்கில் இருக்கிறாராம். ஐந்தரைக்கு மூடுவார்களாம். மூடிவிட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"அவரும் வீட்டுக்கு இந்த வாசல் வழியாத்தானே போகணும்?"

இதற்குமேல் மேசையில் உட்கார்ந்து முடிவு தேட என்னால் முடியாது. நான் போய் அவள் பக்கத்தில் நிற்கப்போகிறேன். கதை உங்களிடம் இருக்கட்டும். ஒரே ஒரு வேலை: உங்கள் வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்து, நுனி அப்பால் இருக்கும்படி வைத்து, எந்த அலகு மேலே என்று பாருங்கள். (இடக்கைக்காரர்கள் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கவும்.) பிறகு மணியைப் பாருங்கள். ஐந்தரை ஆகவில்லை என்றால், காப்பாட்சியர் நீங்கள்தான். மாடிப்படி அதோ இருக்கிறது, அக்கா கீழே வாசலில் நிற்கிறாள்.