இல்லையென்றால் என்ற கட்டம்

இடம் போதாமல் போன வருஷத்திலிருந்து அந்த ஊரில் தெருக்களை வீடுகளுக்குள் வைக்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு தெரு இருக்கும். அந்தத் தெருவில் இருபது வீடுகள். அவற்றில் ஏதாவது ஒன்றின் பின்கதவைத் திறந்தால் இன்னொரு தெரு. உள்ளே போகப் போக வெளிச்சம் கொஞ்சம் மங்கும், குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமாக வரும். மற்றபடி யாரும் குறை சொன்னதில்லை.

வைரவநாதனின் மகள் தமயந்தி ஒன்பது தெரு உள்ளே இருந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், லாரி ஷெட்டில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனபோது முதல் தெருவில்தான் குடியிருந்தாள். பிறகு வீடு மாற்றும்போதெல்லாம் ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனாள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு தபால் அட்டை வரும். முகவரி நீண்டுகொண்டே போய், கடைசியாகச் சித்திரையில் வந்த அட்டையில் முகவரியைத் தவிர வேறு எதற்கும் இடமிருக்கவில்லை.

அந்த அட்டைகளை வைரவநாதன் தொட்டதில்லை. எடைமேடையில் முப்பது வருஷம் லாரிகளை நிறுத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருமுறை குறித்த எடையை மாற்றி எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் மனைவி செங்கமலத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, தலையணைக்கு அடியிலிருந்து கடைசி அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்ங்க.”

“சரி” என்றார். பதினொரு வருஷத்தில் அந்த விஷயத்தில் அவர் சொன்ன முதல் சரி அது.

உள்முகவரி உதவி நிலையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு ஜன்னலில் கேட்டதை உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். இன்னொன்றில் வடிகட்டித் தருவார்கள். ஒரு தெருவில் மீசை வைத்தவர்கள் மட்டும் வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். மூன்றாவதில் எதையும் பத்துப் பத்தாகக் கட்டித் தருவார்கள். வைரவநாதன் முதல் ஜன்னலில் நின்றார். விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்: எது வேண்டும், எங்கிருந்து, இல்லையென்றால். முதல் இரண்டையும் நிரப்பி நீட்டினார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தோணியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“மூணாவது கட்டம் காலியா இருக்கே ஐயா.”

“அவ அங்கதான் இருக்கா. அட்டை வந்திருக்கு.”

“இருப்பாங்க. ஆனா வழியில ஒரு தெரு இல்லாமப் போனாலும் நாங்க இல்லைன்னு சொல்றதில்லை. இங்கேயிருந்து யாரும் வெறுங்கையோட போனது கிடையாது. மூணாவது கட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதைக் கொடுத்துருவோம்.”

“காலியா விட்டா?”

“ஒன்றுமில்லைன்னு ஒண்ணு இருக்கு, அதைக் கட்டிக் கொடுப்போம். கீழ ரத வீதியில ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். வீட்டுல அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டவங்க கூப்பிட்டபடியே இன்னும் நிக்கிறாங்க.”

அவர் ‘மகள்’ என்று எழுதினார். அவள் அதை அடித்தாள்.

“அது முதல் கட்டத்துலயே இருக்கு. ரெண்டுலயும் ஒண்ணையே எழுதினா இல்லாததையே திரும்பத் திரும்பத் தேடிக்கிட்டிருப்பாங்க. மத்தவங்க பிரஷர் குக்கர் எழுதுவாங்க, தென்னங்கன்னு எழுதுவாங்க. யோசிச்சு எழுதுங்க.”

செங்கமலத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் தென்னங்கன்றோடு நிற்பதை அவர் நினைத்துப் பார்த்தார். பிறகு ‘அவளைப் போல ஒருத்தி’ என்று எழுதினார். அந்தோணியம்மாள் முத்திரை குத்தினாள்.

அவருக்காகக் கதவு கதவாகப் போய்த் தேட ஒதுக்கப்பட்ட நடப்பவரின் பெயர் அருளப்பன். ஐம்பது வயதிருக்கும். புறப்படுவதற்கு முன்னால் இருவரும் வாசலில் டீ குடித்தார்கள்.

“அவ அங்க இல்லைன்னா நீங்க மட்டும் வந்து எங்கிட்ட சொல்லிடுங்க” என்றார் வைரவநாதன். “வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

“நான் திரும்பி வர்றதில்லை அண்ணாச்சி. ஒரு கதவு, அதுக்கு அடுத்த கதவு, அப்படியே முன்னால போவேன். எந்தக் கதவோட வழி நிக்குதோ அங்க நான் முடிஞ்சிருவேன். அடுத்த விண்ணப்பத்துக்கு வேற ஆள் வருவார்.” அருளப்பன் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “சீனி கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல?”

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு நிலையத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு பெண் வந்தாள். பச்சைச் சேலை, கையில் ஒயர்கூடை, முன்நெற்றியில் இரண்டு நரைமுடி.

“அப்பா” என்றாள்.

பெஞ்சில் காத்திருந்த வைரவநாதன் ஜன்னலுக்குப் போனார். “இவங்க எந்தக் கட்டத்துலேர்ந்து வந்தவங்க?”

“வழங்கப்பட்டதுன்னு மட்டும்தான் எங்க பதிவுல இருக்கும்” என்றாள் அந்தோணியம்மாள்.

டவுன் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பக்கவாட்டில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூக்கு செங்கமலத்தின் மூக்கைப் போலத்தான் இருந்தது. கடைவீதி தாண்டியதும் கேட்டார்.

“நீ போன அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“திட்டினீங்க.”

“என்னன்னு?”

“எல்லா அப்பாவும் திட்டுறதுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

வேறு ஏதாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தேடினார். அவளுக்குப் பிடித்த குழம்பு எது, எந்தக் காலில் தழும்பு, பள்ளிக்கூடத்தில் யாரோடு சேர்ந்து போவாள். கேள்விகள் வந்தன, எதற்கும் விடை அவரிடம் இல்லை. இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைச் சோதிக்க அவரிடம் ஒரு கேள்விகூட உருப்படியாக இல்லை என்பது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது தெரிந்தது.

செங்கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா” என்றாள். வந்தவள் அன்றைக்கே சிக்குப் பிடித்த தலையை வாரிப் பின்னிவிட்டாள். கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டாள். இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவர் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும்.

பன்னிரண்டாம் நாள் செங்கமலத்துக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அந்தப் பெண் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வைரவநாதன் கட்டிலருகே குனிந்தார்.

“செங்கமலம், இது அவதானா?”

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க” என்றாள். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுல்ல நான் கேக்காம இருந்தேன்.”

செங்கமலம் அன்று மத்தியானம் போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் காலை வைரவநாதன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, “எப்ப வருவீங்க?” என்று கேட்டாள்.

முதல் வீட்டின் பின்கதவு, இரண்டாம் தெரு, பதினான்காம் எண்; அதன் பின்கதவு. அட்டையில் இருந்தபடியே போனார். ஆறாவது தெருவில் சொல்லியிருந்த வீட்டில் ஒருவர் தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்கதவைத் திறந்தால் செங்கல் சுவர்தான் இருந்தது.

“உள்ள இருந்த தெருவா? அதையெல்லாம் ஆடியிலேயே வெளியே எடுத்துட்டாங்களே” என்றார் மிக்ஸிக்காரர். “ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்த வீட்டையெல்லாம் உருவி, பைபாஸ் பக்கம் ஒரே வரிசையா விரிச்சு வச்சிருக்காங்க. எது எதுக்குள்ள இருந்ததுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. காத்தோட்டம் நல்லாயிருக்காம்.”

“புரட்டாசியில இங்க யாராவது வந்தாங்களா?”

“ஒருத்தர் வந்தார். சுவரைப் பாத்தார். தண்ணி கேட்டார். கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிட்டார். தன்மையான மனுஷன்.”

வைரவநாதன் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். செங்கமலத்தின் தலையை வாரிவிட்ட விரல்கள் நினைவுக்கு வந்தன. பிறகு வந்த வழியே வெளியேறி பைபாஸுக்குப் போனார்.

வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போயிற்று. கதவு, அடுத்து கதவு, அடுத்து கதவு. எண் எதிலும் இல்லை. இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட ஒற்றைப் பாதை. ஒரு கதவைத் தாண்டியதும் பின்னால் கம்பி விழுந்துவிடும், திரும்ப முடியாது. அவர் முதல் கதவிலிருந்து தட்டத் தொடங்கினார். தமயந்தி இல்லை என்றார்கள். அடுத்ததிலும் இல்லை என்றார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். எலுமிச்சை சாதத்தை நாற்பதாவது வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அறுபத்து மூன்றாவது வீட்டு வாசலில், அவர் வயதுள்ள ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“தமயந்தி வீடுதான்” என்றார். “நான் அவ அப்பா.”

வைரவநாதன் அவரைப் பார்த்தார். காலர் வைத்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா.

“ஆவணியில உதவி நிலையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கா” என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். “அவ அப்பா வீட்டுக்குப் போற வழியில ஏதோ ஒண்ணு இல்லையாம். என்னைக் கொடுத்தாங்க. நல்லா வச்சிருக்கா. கோபப்படாத அப்பாவா வேணும்னு எழுதியிருந்தாளாம். எனக்குக் கோபம் வராது.”

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. “யாருப்பா அது?”

அந்தக் குரலை அறிய வைரவநாதனுக்கு எந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை. அவர் வாயைத் திறந்தார். நாற்காலியில் இருந்தவரும் திறந்தார். நாற்காலிக்காரர் முந்திக்கொண்டார்.

“யாருமில்லம்மா. யாரோ வீடு தேடி வந்திருக்காங்க.”

“தண்ணி குடுத்தீங்களா?”

“குடுக்கறேன்மா.”

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வைரவநாதன் அதைக் கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தார். உள்ளே தாளிக்கும் சத்தமும் அவள் யாரையோ சிரித்துக்கொண்டே அதட்டும் சத்தமும் கேட்டன. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வாசலை விட்டுக் காலை நகர்த்தியதும் பின்னால் கம்பி விழுந்தது.

அறுபத்து நான்காவது கதவைத் தட்டுவதற்குள் அது திறந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் உதவி நிலையத்தின் முத்திரை குத்திய ரசீதோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தரையில் இலை போட்டிருந்தது.

“காலையிலேயே வந்துருவீங்கன்னு சொன்னாங்களேப்பா” என்றாள்.

“பஸ் லேட்டு” என்று சொல்லிவிட்டு வைரவநாதன் செருப்பைக் கழற்றினார்.